இடது காதும் ஒரு சிங்கமும்

சிகாகோவில் ஏப்ரல் என்பது
குளிர் போய்விட்டதாகச் சொல்லிக்கொள்கிற மாதம்.
பதினேழாம் மாடிக்கு வெளியே
இரண்டு கயிறுகளில் தொங்குகிறேன்.
கையில் மரச்சுத்தி, இடுப்பில் மஞ்சள் சாக்கட்டி.
பக்கத்துக் கயிற்றில் லாமார்,
காலையிலேயே பசிக்கிறது என்கிறான்.

கீழிருந்து பார்ப்பவர்கள் இதைப் பளிங்கு என்பார்கள்.
மண்.
சுட்ட மண்மேல் பால்நிற மெருகு.
உள்ளே வெறுங்கூடு, கூட்டுக்குள் இரும்புக் கொக்கி,
கொக்கியைப் பற்றிக்கொண்டு
நூற்றுப் பதின்மூன்று வருடமாகத் தொங்குகின்றன
திராட்சைக் கொத்துகள், கேடயங்கள்,
ஆறடிக்கு ஒரு சிங்க முகம்.
நானாவது மாலை ஐந்துக்கு இறங்கிவிடுவேன்.

இந்த ஊர் ஒருமுறை எரிந்தது.
மரம் எரியும், தெரிந்ததுதான்.
இரும்புத் தூணும் இளகி வளையும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.
பிறகு இரும்புக்கு மண்ணில் சட்டை தைத்தார்கள்.
ஒருமுறை வெந்தது மறுபடி வேகாது என்று கணக்கு.
கணக்கில் தண்ணீர் விட்டுப்போனது.
சாந்து உதிர்ந்த இடத்தில் மழை நுழையும்,
கொக்கி துருவேறும், துரு பருக்கும்,
மெருகு குலையாமல்
உள்ளுக்குள் ஓடும் விரிசல்.
கண்ணுக்குச் சொல்லாது.
தட்டினால் சொல்லிவிடும்.

நல்லது கணீர் என்னும்.
கெட்டது தொப்பென்னும், நனைந்த ரொட்டி.
நல்லதற்கு வட்டம், கெட்டதற்குப் பெருக்கல் குறி.
குறி விழுந்ததைக் கழற்றிவிட்டு
கண்ணாடி இழையில் வார்த்த நகலை மாட்டுவார்கள்.
நகலைத் தட்டிப் பார்த்திருக்கிறேன்:
கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி.

அந்த வாரம் வடக்குச் சுவரில்
முப்பத்தொரு பெருக்கல் குறி போட்டேன்.
உரிமையாளர் ஸ்டோல்
தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.
"முப்பத்தொன்றா, டாய்வா?"
"முப்பத்தொன்று."

வெள்ளிக்கிழமை லாமார் என் வரிசைக்கு ஊசலாடி வந்தான்.
சும்மா ஒன்றைத் தட்டினான்.
"இது பாடுதே."
இன்னொன்று. "இதுவும்."
நான் தட்டினேன். தொப்.
அதையே அவன் தட்டினான். தொப்.
"கேக்கலையா?" என்றான்.

ஏரிக்காற்று முகத்தில் அறையாமலிருக்க
வடக்குச் சுவரில் மேற்கே திரும்பியபடி தட்டுவேன்.
சுவருக்கு என் இடது காது.
கயிற்றில் அரைச்சுற்றுச் சுற்றி
வலது காதைக் கொடுத்தேன்.
கணீர்.
அவ்வளவு உயரத்தில்
அதுவரை எனக்குத் தலை சுற்றியதில்லை.

டாக்டர் இபேக்வே ஓர் இசைக்கவையைத் தட்டி
காதருகே பிடித்தார்: அடுத்த வீட்டு ஈ.
காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார்:
மண்டை முழுக்க மணி.
அங்கவடி மாதிரி ஒரு குட்டி எலும்பு,
அரிசியளவு, அசையாமல் இறுகிக்கொண்டு வருகிறதாம்.
"என் சுத்தி சின்னது," என்றார் சிரித்து.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டோலிடம் நானே சொன்னேன்.
"அப்படியானால் உங்கள் வட்டங்களை மட்டும்
எப்படி நம்புவது?"
நியாயமான கேள்வி. இரவெல்லாம் யோசித்தேன்.
மந்தக் காதுக்கு
இருக்கிற கணீர் கேட்காமல் போகலாம்,
இல்லாத கணீர் கேட்காது.
காலையில் அதை எழுதி அனுப்பினேன்.
பதில் வரவில்லை, வேலையைவிட்டும் எடுக்கவில்லை.

ஈரத்துணியோடு ஏறினேன்.
ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி
இருபத்தெட்டுக் குறிகளை அழித்தேன்.
கேடயம் ஒன்று, தூணின் துண்டு ஒன்று,
இரண்டும் எந்தக் காதுக்கும் தொப்.
மீதி ஒரு சிங்கம்.
வலது காது இழுத்தது:
கணீரும் இல்லை, தொப்பும் இல்லை.

ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளி
அதன் நெற்றியில் என் நெற்றியை வைத்தேன்.
ஜில்லென்றிருந்தது மெருகு.
தாடையில் தட்டினேன்.
எலும்பு வழியாக வந்தது,
உள்ளே ஏதோ உதிர்ந்து
கூட்டின் அடியில் போய் நிற்கிற ஓசை.

"என்ன சொல்லுது?" என்று கேட்டான் லாமார்.
காற்று. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.
பெருக்கல் குறியைச் சின்னதாக
பிடரி மயிருக்குள் போட்டேன்,
தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி.